பள்ளிக்கூடத்தில் கண் துண்டு தந்தால்: யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் மாசி மாதக் கடைசியில் மகளின் கணிதக் கொப்பிக்குள், பள்ளிக்கூடக் கண் பரிசோதனையில் எழுதிக் கொடுத்த துண்டுக் கடதாசி ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. வலது கண் 6/6, இடது கண் 6/24, கண் கிளினிக்கில் காட்டவும். கீழே ஒரு கையெழுத்து. திகதியைப் பார்த்தேன், மூன்று கிழமைக்கு முந்தியது. "ஏன் பிள்ளை தரேல்லை?" என்று கேட்டால், "நீங்கள் கேக்கேல்லையே" என்றாள்.

அன்றிலிருந்து கண்ணாடி அவளுடைய மூக்கில் சரியாக ஏறுகிற வரைக்கும் நாலு மாதம் போனது. அதில் உண்மையாகத் தேவைப்பட்டது மூன்று கிழமைதான். மிச்ச நாளெல்லாம் நான் பிழையான நாளில், பிழையான இடத்தில், தேவையான கடதாசி இல்லாமல் போய் நின்றதால் வந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. வரிசையில் நின்ற ஒரு தாய், அவ்வளவுதான்.

1. துண்டு வரும்வரை இருக்காதீர்கள், வீட்டில் பாருங்கள்

பாடசாலை மருத்துவப் பரிசோதனையை உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைதான் செய்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பி.எச்.ஐ என்று சொல்கிறவர், முதலில் வந்து உயரம், நிறை, பார்வை எல்லாம் பார்ப்பார். பிள்ளைகள் 200 பேருக்கு மேல் உள்ள பாடசாலை என்றால் வழக்கமாகத் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைத்தான் பார்ப்பார்கள். இரண்டு பரிசோதனைக்கு நடுவில் மூன்று வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தரம் 4 இல் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குத் தரம் 5 இல் பார்வை குறையத் தொடங்கினால் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து, புதுப் பள்ளிக்கூடம் போய், தரம் 7 வரும்வரைக்கும் யாரும் பார்க்கப் போவதில்லை.

இன்னொரு விஷயம். என் மகளுக்குத் தரம் 1 இலும் பரிசோதனை நடந்தது. பார்வை சரி என்று எழுதியிருந்தார்கள். பிறகு நான் துருவித் துருவிக் கேட்டபோதுதான் சொன்னாள்: "முன்னால நிண்ட பிள்ளையள் சொன்னதைக் கேட்டுப் பாடமாக்கிப்போட்டன்." முப்பது பிள்ளைகள் ஒரே அட்டையைப் பார்த்து ஒரே வரியைச் சத்தமாகச் சொல்லும்போது பின்னால் நிற்கிற பிள்ளைக்கு அது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிடும். பரிசோதகரைக் குறை சொல்லவில்லை. ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகளை அவர் ஒரே காலையில் பார்க்க வேண்டும்.

ஆகவே வீட்டில் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். எங்கள் விறாந்தையில் ஒரு கோயில் நாட்காட்டி தொங்குகிறது. மகளை மூன்று மீற்றர் தள்ளிக் கதிரையில் இருத்தி இடது கண்ணைப் பொத்தச் சொன்னேன். திகதி, கிழமை, கீழே பொடி எழுத்தில் இருந்த ராகு காலம் வரை கடகடவென்று வாசித்தாள். சரி, மற்றக் கண்ணைப் பொத்து என்றேன். பெரிய 17 ஐச் சொன்னாள். கிழமையைக் கேட்டேன். தலை மெல்லச் சரிந்தது, பொத்திய விரல்களுக்கு நடுவில் ஒரு நீக்கல் வந்தது. நீக்கலை என் கையால் மூடினேன். "கறுப்பாக் கோடு மாதிரிக் கிடக்கு அம்மா" என்றாள். அந்தக் கண்ணோடு அவள் ஒன்பது வருடம் இருந்திருக்கிறாள், ஒரு நாளும் ஒரு முறைப்பாடும் இல்லை. ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் மற்றக் கண் தெரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரியாது. "எனக்குக் கண் தெரியேல்லை" என்று வந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: விரலால் பொத்தவிடாமல் உள்ளங்கையால் அல்லது மடித்த கடதாசியால் மறையுங்கள். கண்ணை அமத்தக் கூடாது, அமத்தினால் கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும். ஒரு கண்ணுக்கு ஒரு தாள், மற்றக் கண்ணுக்கு வேறு தாள். அதே தாளைக் காட்டினால் மனப்பாடத்தில் இருந்து சொல்லிவிடுவார்கள்.

பலகையில் இருப்பதைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவது, வாசிக்கும்போது வரி தவறுவது, ரி.வி.க்குக் கிட்டப் போய் இருப்பது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, பின்னேரத்தில் தலையிடி, இதெல்லாம் இருந்தால் வீட்டுச் சோதனையில் சரியாக வாசித்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

2. துண்டில் உள்ள இலக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

6/6 என்றால் சாதாரணப் பார்வை. 6/24 என்றால், நல்ல கண் 24 மீற்றர் தூரத்தில் நின்று வாசிக்கிற எழுத்தை இந்தக் கண் 6 மீற்றருக்குக் கிட்ட வந்துதான் வாசிக்கிறது. கீழே உள்ள இலக்கம் கூடக் கூடப் பார்வை குறைவு. இது கண்ணாடியின் பவர் இல்லை. என் மச்சாள் ஒருத்தி "24 பவரா?" என்று பயந்துபோனாள்.

துண்டு கையில் கிடைத்ததும் முதல் வேலை, போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு ஒரு போட்டோக்கொப்பி. என் துண்டு ஈரத் தண்ணீர்ப் போத்தலோடு புத்தகப் பையில் கிடந்து பாதி அழிந்துவிட்டது. அதைத் திருப்பி எழுதி வாங்கவே ஒரு கிழமை போனது. உங்களுக்கும் தொலைந்துவிட்டால் பாடசாலையில் சுகாதாரத்துக்குப் பொறுப்பான ஆசிரியரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பாடசாலை இருக்கிற பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். வீடு இருக்கிற பகுதி இல்லை, பாடசாலை இருக்கிற பகுதி. எங்கள் வீடு ஒரு பிரிவில், பள்ளிக்கூடம் வேறு பிரிவில். நான் வீட்டுக்குக் கிட்ட உள்ள பணிமனைக்குப் போய் அரை நாளைக் கழித்தேன்.

3. ஒரு பைல் போடுங்கள்

கொஞ்சம் அலுப்பான பகுதி. ஆனால் இதைச் செய்தவர்கள்தான் வரிசையில் நிம்மதியாக இருக்கிறார்கள். கடையில் வாங்கும் சாதாரணப் பிளாஸ்ரிக் பைல் ஒன்று போதும். உள்ளே வைக்க வேண்டியவை:

பாடசாலைத் துண்டின் மூலப்பிரதி, அதன் கொப்பி. பிறந்த நாளில் இருந்து தடுப்பூசி போட்ட அந்தச் சுகாதாரப் பதிவேடு, பெண் பிள்ளைக்கு ரோஸ் நிறம், ஆண் பிள்ளைக்கு நீலம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் இது மிக முக்கியம், கண் வைத்தியர் பிறப்பு நிறையையும் எத்தனை கிழமையில் பிறந்தது என்பதையும் கேட்பார். உங்கள் அடையாள அட்டை. பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை இருந்தால் அந்த மருந்துச் சீட்டுகள், ஏனென்றால் கண்ணில் விடப்போகும் மருந்துக்கு முன் அதைச் சொல்ல வேண்டும். முந்திக் கண்ணாடி போட்ட பிள்ளை என்றால் பழைய கண்ணாடியை, உடைந்திருந்தாலும், கொண்டு போங்கள். அதன் பவரை மெஷினில் வைத்துப் பார்க்கலாம். அதோடு குடும்பத்தில் யாருக்காவது வாக்குக் கண் (மாறுகண்), சின்ன வயதிலேயே தடிப்பான கண்ணாடி, கண்ணில் கட்டி இருந்ததா என்று அம்மம்மா அப்பம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். என்னிடம் கேட்டபோது "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கணவரின் சித்தப்பாவுக்கு வாக்குக் கண்.

4. எங்கே போவது

மூன்று வழி இருக்கிறது. என் கருத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

அரச வைத்தியசாலை: யாழ் போதனா வைத்தியசாலையில் கண் பிரிவு இருக்கிறது. மத்திய பஸ் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம், ஓட்டோவுக்குக் காசு கொடுக்காதீர்கள். பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. செலவு பஸ் காசும் உங்களுடைய ஒரு நாளும்தான். போவதற்கு முதல் எந்த நாளில் கண் கிளினிக், எத்தனை மணிக்கு இலக்கம் கொடுக்கிறார்கள், பாடசாலைத் துண்டோடு நேரே கிளினிக்குக்கு வரலாமா அல்லது வெளிநோயாளர் பிரிவில் காட்டிவிட்டு வர வேண்டுமா என்று மூன்று கேள்வியையும் கேட்டுவிடுங்கள். உங்கள் ஊருக்குக் கிட்ட ஆதார வைத்தியசாலை இருந்தால், அங்கே கண் வைத்தியர் எந்த நாளில் வருவார் என்று அங்கேயும் விசாரியுங்கள். வடமராட்சியில் இருந்து விடிய நாலரைக்கு எழும்பிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு பட்டணம் வரத் தேவையில்லாமல் போகலாம்.

நாட்காட்டியையும் பாருங்கள். போயா தினத்தில் கிளினிக் இராது. பள்ளிக்கூட விடுமுறையில் எல்லாரும் அதே எண்ணத்தோடு வருவார்கள், சித்திரையிலும் ஆவணியிலும் கூட்டம் அள்ளும். விடுமுறையில் காட்டலாம் என்று தள்ளிப்போட்டதுதான் என்னுடைய முதல் பிழை. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் லீவு எடுத்துச் சாதாரணக் கிழமை நாளில் போயிருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

தனியார்: சனல் பண்ணி, அதாவது காசு கட்டி முன்கூட்டிப் பதிந்து, கண் வைத்திய நிபுணரைப் பார்க்கலாம். பின்னேரத்தில் போகலாம், வகுப்புத் தவறாது. வைத்தியரின் கட்டணம் வேறு, வைத்தியசாலைக் கட்டணம் வேறு. இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று பதியும்போதே கேளுங்கள். எனக்கு ஒரு தடவைக்கு 3,000 ரூபாவுக்கு மேல் போனது. பதியும்போது "சின்னப் பிள்ளை, முதல் தடவை, பவர் பார்க்க வேணும்" என்று சொல்லுங்கள். மருந்து விட்டுக் காத்திருந்து பார்க்க நேரம் வேண்டும். கடைசி இலக்கம் கிடைத்தால் "இன்னொரு நாள் வாங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள், கட்டணம் இரண்டு தடவை.

கண்ணாடிக் கடை: "இலவசக் கண் பரிசோதனை" என்று பலகை போட்டிருக்கும். பெரியவர்களுக்கு வாசிப்புக் கண்ணாடி வாங்கப் பரவாயில்லை. பிள்ளையின் முதல் கண்ணாடிக்கு அங்கே நேரே போகாதீர்கள். நான் போனேன். மெஷினுக்குள் நாடியை வைத்து இரண்டு நிமிடத்தில் இடது கண்ணுக்கு +1.50 என்று ஒரு சீட்டு வந்தது. பிறகு வைத்தியசாலையில் மருந்து விட்டுப் பார்த்தபோது அதே கண் +3.50. மெஷினில் பிழை இல்லை. சின்னப் பிள்ளையின் கண்ணுக்குள் இருக்கிற தசை கிட்டப் பார்க்கவென்று இறுகிக்கொண்டே இருக்கும், அதனால் உண்மையான பவர் மறைந்துவிடும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு இதே காரணத்தால் மைனஸ் பவர் கூடுதலாகக் காட்டும். அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் சொட்டு மருந்து.

5. மருந்து விடுகிற நாள்

இந்த நாளுக்கு ஆயத்தமாகப் போங்கள். சொட்டு மருந்து கொஞ்சம் எரியும். ஒருமுறை விட்டு, இடைவெளி விட்டு, திரும்ப விடுவார்கள். கண்மணி நன்றாக விரிய அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம், சிலவேளை அதற்கும் மேல் பிடிக்கும். பிள்ளை அழுதால் கண்ணீரோடு மருந்தும் போய்விடும், திரும்ப விட வேண்டி வரும். "ஒண்டும் செய்யாது" என்று பொய் சொல்லாமல் "கொஞ்சம் எரியும், பத்து எண்ண முடிஞ்சிடும்" என்று சொல்லிப் பாருங்கள். என் மகள் ஏழிலேயே நிறுத்திவிட்டாள்.

பிறகு வெளிச்சம் கூசும், கிட்ட இருக்கிற எழுத்துத் தெரியாது. எத்தனை நேரத்துக்கு என்பது மருந்தைப் பொறுத்தது. சிலது அன்றைக்கே தெளியும், சிலது மறுநாள் வரை நிற்கும். அத்ரோப்பின் என்று தந்தால் ஒரு கிழமை, அதற்கு மேலும் போகலாம். அத்ரோப்பினை வீட்டில் மூன்று நாள் போட்டுவிட்டு வரச் சொல்வதும் உண்டு. ஆகவே:

தவணைப் பரீட்சைக் கிழமையில் இதை வைக்காதீர்கள். புலமைப்பரிசிலுக்கு முந்திய இரண்டு கிழமையில் வைக்கவே வேண்டாம். அன்றைக்கு ரியூசன் இல்லை. மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு இருத்திக்கொண்டு வெயிலில் வராதீர்கள், தொப்பியும் குடையும் கொண்டு போங்கள். வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் "ஏன் வாசிக்கிறாய் இல்லை" என்று பிள்ளை பேச்சு வாங்கும். வீட்டில் சொட்டு விட்டபின் முகம் சிவந்து, காய்ச்சல் மாதிரிச் சுட்டு, பிள்ளை குழம்பிக் கதைத்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அத்ரோப்பின் குப்பியை மற்றப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

6. பவர்ச் சீட்டை வாசிக்கப் பழகுங்கள்

சீட்டுத் தரும்போது அங்கேயே நின்று இதைக் கேளுங்கள்: எது வலது, எது இடது? அந்த அடையாளம் பிளஸா மைனஸா? அவசரக் கையெழுத்தில் பிளஸ் மைனஸாகவும் மைனஸ் வெறும் கோடாகவும் போகும். முதல் இலக்கம் தூரப்பார்வையோ கிட்டப்பார்வையோ என்பதைச் சொல்லும், மைனஸ் என்றால் தூரத்தில் உள்ளது தெரியாத பிள்ளை. இரண்டாவது, சிலிண்டர் என்பார்கள், கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாததைச் சரிப்படுத்த. மூன்றாவது அந்தச் சிலிண்டர் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பது, 180 வரை வரும். கோணம் மாறினால் பவர் சரியாக இருந்தும் பிள்ளைக்குத் தலை சுற்றும்.

இன்னும் மூன்று கேள்வி. எப்போதும் போட வேண்டுமா, படிக்கும்போது மட்டுமா? ஒரு கண்ணை மறைக்க வேண்டுமா? அடுத்து எப்போது வர வேண்டும்? இதைக் கேட்காமல் வெளியே வந்துவிட்டு வாசலில் நின்று மருந்துக் கடைக்காரரிடம் விளக்கம் கேட்காதீர்கள். நான் கேட்டேன்.

7. கண்ணாடி வாங்குதல், காசு

முதலில் காசு இல்லாமல் கிடைக்குமா என்று பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுக்கும் திட்டங்கள் சுகாதாரத் திணைக்களம் ஊடாகவும் நலன்புரிச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஊடாகவும் நடப்பதுண்டு. கண் கிளினிக்கிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அதிபரிடமும் ஒருவார்த்தை சொல்லி வையுங்கள். சுரக்ஷா மாணவர் காப்புறுதியில் இந்த வருடம் கண்ணாடிச் செலவைக் கோரலாமா, எவ்வளவு வரை என்று பாடசாலை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். காப்புறுதிக்கு அனுப்புவதானால் வைத்தியரின் சீட்டு, கடையின் பற்றுச்சீட்டு இரண்டின் மூலப்பிரதியும் வேண்டிவரும். பற்றுச்சீட்டில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும், உங்கள் பெயர் இல்லை. துண்டுக் கடதாசியில் "ஒரு கண்ணாடி" என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து ஒழுங்கான பில் கேளுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். ஆஸ்பத்திரி வீதிப் பக்கமும் கஸ்தூரியார் வீதியிலும் நடந்தாலே போதும். பிறேம் விலை வேறு, வில்லை விலை வேறாகச் சொல்லச் சொல்லுங்கள். எனக்குப் பிறேம் 4,500, வில்லை 7,000, மொத்தம் 11,500 ரூபா. அதே பவருக்கு வேறொரு கடை 19,000 சொன்னது. வித்தியாசம் பிறேமின் பெயரிலும், நீல வெளிச்சத்தைத் தடுக்கும் பூச்சு என்று சேர்த்ததிலும் இருந்தது. அந்தப் பூச்சை நான் வேண்டாம் என்றேன். பிள்ளையின் பவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

காசு போட வேண்டிய இடம் வில்லை. பிள்ளைகளுக்கு உடையும் கண்ணாடி வேண்டாம், பிளாஸ்ரிக் வில்லை, முடிந்தால் பொலிகாபனேற். கிரிக்கெற் பந்து பட்டாலும் அது லேசில் சிதறாது. ஒரு கண் மட்டும் நன்றாகத் தெரிகிற பிள்ளைக்குப் பொலிகாபனேற்தான் வாங்குங்கள், அந்த நல்ல கண்ணுக்கு அது ஒரு காவல். பிறேமை "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெரிசாப் போடுவம்" என்று சட்டை எடுக்கிற மாதிரி எடுக்காதீர்கள். கண்மணி வில்லையின் நடுவுக்கு நேரே வர வேண்டும். மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தால் பிள்ளை அதற்கு மேலாலே பார்க்கும், போட்டும் போடாத கணக்கு. கடைக்குப் பிள்ளையைக் கொண்டு போங்கள், இரண்டு கண்மணிக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்தார்களா என்று பாருங்கள். அளக்காமல் ஓடர் எடுக்கிற கடையில் எடுக்காதீர்கள். முழுக் காசையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

8. கண்ணாடி கைக்கு வரும் நாள்

என்னுடைய பெரிய பிழை இங்கேதான். கண்ணாடி வந்தது, பணம் கொடுத்தேன், பெட்டியில் வைத்து வாங்கிக்கொண்டு வந்தேன். மகள் போட்டுப் பார்த்துவிட்டு, "கழட்டினாத்தான் அம்மா தெரியுது" என்றாள். புதுக் கண்ணாடி, பழக வேணும் என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான், பிளஸ் பவர் முதலில் கொஞ்ச நாள் தூரத்தை மங்கலாகக் காட்டும். நானும் பேசிப் பேசிப் போடவைத்தேன். பத்தாம் நாள் பள்ளிக்கூடப் படியில் தடுக்கி விழுந்து முழங்கால் உரைஞ்சுபோய் வந்தாள். அடுத்த நாள் கிளினிக்கில் கண்ணாடியை மெஷினில் வைத்துப் பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வலது வில்லை இடது பக்கமும் இடது வில்லை வலது பக்கமும் பூட்டியிருந்தது. நல்ல கண்ணுக்கு +3.50 போட்டு அதையும் மங்கலாக்கி, கூடாத கண்ணுக்கு ஒன்றும் இல்லாமல், பத்து நாள். கடை காசில்லாமல் மாற்றித் தந்தது. அந்தப் பத்து நாள் நான் பேசிய பேச்சை எந்தக் கடையில் மாற்றுவது?

ஆகவே கடையிலேயே வில்லையின் பவரை மெஷினில் வைத்து உங்கள் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டோடு ஒப்பிடுங்கள், வலது வலதாக, இடது இடதாக. பிறகு பிள்ளைக்குப் போட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடி வாசிக்க வையுங்கள். குனிந்து நிமிர்ந்து, வாசல்வரை நடந்து பார்க்கட்டும். காதுக்குப் பின்னால் அமத்துகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரு கிழமைக்குப் பிறகும் தலை சுற்று, இரட்டைத் தோற்றம், தரை சாய்கிற மாதிரி இருந்தால் "பழகும்" என்று இருக்காமல் திருப்பிக் கொண்டு போங்கள்.

9. போட வைப்பது

வீட்டுக்கு வீடு வேறுபடும். எங்கள் வீட்டில் எதிர்க்கட்சி அம்மம்மா. "இந்த வயசில கண்ணாடி போட்டால் கண் பழுதாப் போயிடும்", "பொம்பிளைப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசேக்கை", "பொன்னாங்காணியும் முருங்கையிலையும் குடுத்தால் கழட்டலாம்". கண்ணாடி போடுவதால் பவர் ஏறுவதில்லை. பிள்ளை வளர வளரக் கண்ணும் வளர்கிறது, அதனால் பவர் மாறும், போட்டாலும் போடாவிட்டாலும். பொன்னாங்காணியும் முருங்கையிலையும் நல்ல சாப்பாடு, கொடுங்கள், ஆனால் கண்ணின் நீளத்தையும் வளைவையும் கீரை மாற்றாது. நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விடவிடாதீர்கள், கிருமி போகும். கலியாணப் பேச்சுக்கு நான் பதில் சொல்லவில்லை. பிள்ளைக்கு வயது ஒன்பது.

இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் கூடவாக இருந்தால், மூளை மங்கலான கண்ணைக் கவனிப்பதை விட்டுவிடும். சோம்பற்கண் என்பது இதுதான். கண்ணாடி மட்டும் போதாமல் நல்ல கண்ணைத் தினமும் குறிப்பிட்ட நேரம் மறைத்து மற்றதை வேலை வாங்கச் சொல்வார்கள். ஏழு, எட்டு வயதுக்கு முன் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். பிந்தினாலும் பயன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், வைத்தியர் சொல்லட்டும். எங்களுக்குத் தினமும் இரண்டு மணித்தியாலம். மறைப்பு கண்ணாடிக்கு மேலே துணி மாதிரித் தொங்கினால் பக்கத்தால் எட்டிப் பார்ப்பார்கள், தோலில் ஒட்டுகிற வகைதான் சரி. எங்கள் வெக்கைக்கு அது வியர்த்துக் கழன்று தோலையும் சிவக்க வைக்கும். பின்னேரம் முகம் கழுவித் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே இருத்தி ஒட்டினால் நிற்கும். அந்த நேரத்தில் படம் கீறவோ நிறம் தீட்டவோ விடுங்கள். ரோட்டில் சைக்கிள் ஓடவிடாதீர்கள்.

வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். முன்வரிசையில் இருத்தினால் போதும் என்று நினைப்பார்கள், கண்ணாடி போட்டிருக்கிறாளா என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ரீச்சர் நல்லவர், யாராவது பகிடி பண்ணினால் தன்னுடைய கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, "அப்ப என்னையும் பகிடி பண்ணுங்கோ" என்பாராம்.

பராமரிப்பு: தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும். சீருடை நுனியால் துடைத்தால் கீறல் விழும். தலைக்கு எண்ணெய் வைக்கிற நாளில் விரல் அடையாளம் வில்லை முழுக்க இருக்கும், காலையில் நீங்களே கழுவிக் கொடுங்கள். வெயிலில் நிற்கிற மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைக்காதீர்கள், பூச்சு வெடிக்கும்.

10. வரிசையில் நிற்கக் கூடாதவை

கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தால், கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் உடனே கண் வைத்தியரிடம் காட்டுங்கள். திடீரெனப் பார்வை குறைந்தாலும், திடீரென வாக்குக் கண் வந்தாலும் அப்படித்தான். சுண்ணாம்போ அமிலமோ பட்டால் முதலில் ஓடுகிற நல்ல தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவி, பிறகு ஓடுங்கள். ஈர்க்கோ கம்பியோ குத்தினால் கழுவவும் கசக்கவும் வேண்டாம், குத்தி நிற்பதை இழுக்க வேண்டாம். 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

11. அடுத்த தவணை

கண்ணாடி போட்ட பிள்ளைக்கு வைத்தியர் சொன்ன நாளில் திரும்பக் காட்ட வேண்டும், பெரும்பாலும் ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருடம். கண்ணை மறைக்கிற பிள்ளைக்கு அதைவிடக் கிட்டக் கிட்ட. கிளினிக் கொப்பியில் திகதி எழுதித் தந்தவுடன் போனில் அதற்கு முதல் நாளுக்கு ஒரு அலாரம் வையுங்கள். பழைய கண்ணாடியை எறியாதீர்கள், புதியது உடைந்தால் இரண்டு நாள் சமாளிக்க உதவும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளை என்றால் தினமும் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் வெளி வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். ரியூசனுக்கும் ரியூசனுக்கும் நடுவில் அது கிடைக்காது, ஒரு ரியூசனை நிறுத்தினால்தான் கிடைக்கும். நாங்கள் ஒன்றை நிறுத்தினோம்.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதையும் அதே நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். சின்னவனை நாட்காட்டிக்கு முன்னால் இருத்தியபோது இரண்டு கண்ணாலும் எல்லாம் வாசித்தான், ராகு காலத்தையும் சேர்த்து. அக்காவின் கண்ணாடி மாதிரித் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுததுதான் மிச்சம்.